பெட்டி பொருந்தும், வண்டி பொருந்துமா?

"பழைய பேட்டரியைக் கழற்றுங்கள். அதே தட்டில் லித்தியம் பேட்டரியை வையுங்கள். அதே இரண்டு வயரை மாட்டுங்கள். வேலை முடிந்தது." அமெரிக்காவில் ஆர்.வி. வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இன்று இந்தப் பதில்தான் வருகிறது. கடைக்காரர் சொல்கிறார். முகாமில் பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். பேட்டரி வந்த அட்டைப்பெட்டியே ‘டிராப்-இன்’ என்று கொட்டை எழுத்தில் சொல்கிறது. பழையது இருந்த இடத்தில் புதியதை அப்படியே இறக்கிவிடலாம் என்று அதற்குப் பொருள்.

இந்தக் கருத்து தவறு. ஆல்டர்னேட்டரைக் கருக்கவும், வயரை எரிக்கவும், இறக்கத்தில் ட்ரெய்லரின் பிரேக்கைச் செயலிழக்கச் செய்யவும் வல்ல தவறு. எல்லோரும் சொல்வதாலேயே அது உண்மைபோல் உலவுகிறது. அதன் ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறையோடு சாலையில் ஓடும் சிறு வீடு. சில தாமே ஓடும்; அவை மோட்டார்ஹோம். சில பிக்கப் வண்டியின் பின்னால் ட்ரெய்லராக இழுபடும். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வேறு. வீட்டுக்குள் விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் விசிறி எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் ‘ஹவுஸ் பேட்டரி’ வேறு. முகாமில் மின் இணைப்பு இருந்தால் இந்த இரண்டாவது பேட்டரியின் நினைவே வராது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம், மின்கம்பமும் குழாயும் இல்லாத அரசுப் பாலைநிலத்தில், குளிர்காலம் முழுதும் வண்டியிலேயே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு அன்றாடம் அதைச் சுற்றியே நடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் சண்டை லித்தியத்தோடு இல்லை. ஆர்.வி.களில் வரும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் வகை; சுருக்கமாக எல்.எஃப்.பி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு 1990-களில் கண்டறிந்த பொருள் அது. அதற்கு முன்பே, 1980-களின் பிற்பகுதியில், குட்இனஃபோடு சேர்ந்து இவ்வகைச் சேர்மங்களின் பாதையைத் திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவரும் மந்திரம்தான். ஃபாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால், மற்ற லித்தியம் வகைகளைவிட இந்தப் பொருள் சூட்டில் நிதானமாக இருக்கிறது. ஈய பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். இதில் முக்கால்வாசிக்குமேல் தைரியமாக எடுக்கலாம். 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 225 ஆம்பியர்-மணி. எடை 56 கிலோ. ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள எல்.எஃப்.பி. அதில் பாதி எடைகூட இருக்காது. இவையெல்லாம் உண்மை. நல்ல பொருள் என்பதற்காகவே அதை அலட்சியமாக மாட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கும் ஒரு கடையில் இதே அறிவுரைதான் கிடைத்தது. டெக்சாஸில் என் 24 அடி ட்ரெய்லரின் இரண்டு பழைய பேட்டரிகளையும் கழற்றி, லித்தியம் ஒன்றை வைத்து, இருபது நிமிடத்தில் பெட்டியை மூடித் தந்தார்கள். அக்டோபர் கடைசியில் கொலராடோ மலையில் ஒரு காலை. வெளியே உறைநிலைக்கு 6 டிகிரி கீழே. கூரையில் சூரியத் தகடு வெயிலில் பளபளக்கிறது. பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர்கூடப் போகவில்லை. சுவரில் இருந்த நான்கு விளக்குப் பலகை மட்டும் ‘முழு’ என்று காட்டிக்கொண்டிருந்தது. அன்று மதியம் ஹீட்டர் நின்றது. ஊர் திரும்பி நானே பெட்டியைத் திறந்தேன். பழைய சார்ஜர் அப்படியே இருந்தது. நேர்முனையிலிருந்து கிளம்பிய கேபிளில் ஃபியூஸ் என்று ஒன்றே இல்லை.

‘அதே சார்ஜர் போதும்’ என்கிறார்கள். பல பழைய ஆர்.வி.களில் இருக்கும் சார்ஜர் (அங்கே அதை கன்வெர்ட்டர் என்பார்கள்) 13.6 வோல்ட் அளவில் நின்று ஈய பேட்டரியை மெல்ல நிரப்பும்படி செய்யப்பட்டது. எல்.எஃப்.பி. பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் நான்கு தொடராக இருக்கின்றன. அதற்கு வேண்டியது 14.2 முதல் 14.6 வோல்ட். அந்த உயரத்துக்குப் போனால்தான் நான்கு செல்களையும் சமன்படுத்தும் சுற்று ஒழுங்காக வேலை செய்யும். 13.6-இலேயே மாதக்கணக்கில் வைத்தால் செல்கள் ஒன்றுக்கொன்று விலகிப்போகும். ஒரு நாள் ஒரு செல் மட்டும் எல்லையைத் தாண்ட, பேட்டரி முழுதும் அணைந்துவிடும். நேர்மாறான ஆபத்தும் உண்டு. சில நவீன சார்ஜர்கள் ஈயத் தகட்டில் படிந்த சல்ஃபேட் படிவை நீக்குவதற்காக அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேலே ஏற்றும். லித்தியத்துக்கு அது நேரடித் தீங்கு. ஈய பேட்டரிக்கு எழுதிய சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சமைக்க முடியாது.

‘பேட்டரிக்குள் பி.எம்.எஸ். இருக்கிறது, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்பது அடுத்த வாதம். மின்னழுத்தமோ மின்னோட்டமோ வெப்பமோ எல்லை மீறினால் பேட்டரியைத் துண்டிக்கும் காவல் சுற்று அது. அவசியமானதுதான். ஆனால் அது கடைசிக் காவலாள். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளறையில் காவலாள் படுத்திருக்கிறார் என்று தூங்கப் போகலாமா?

உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்முனைக்குள் நுழையமுடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். போன கொள்ளளவு திரும்பாது. உள்ளேயே குறுக்குச் சுற்று உண்டாகும் அபாயமும் இருக்கிறது. நல்ல பி.எம்.எஸ். அந்த நேரத்தில் சார்ஜை நிறுத்தும். கொலராடோவில் எனக்கு நடந்தது அதுதான். பேட்டரி தப்பியது, நான் குளிரில் நின்றேன். மலிவான சில பேட்டரிகளில் குளிர்ப் பாதுகாப்பே கிடையாது. அங்கே பேட்டரியும் தப்பாது. குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர் பேட்டரியை வண்டிக்குள், மனிதர்கள் இருக்கும் சூட்டில் வைக்கவேண்டும். அல்லது உள்ளேயே சூடேற்றும் தகடு கொண்டதை வாங்கவேண்டும். ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டும் முன்நாக்கில், வெட்டவெளியில் இருக்கும் பழைய தட்டு ஈயத்துக்காகச் செய்தது.

அதே முன்நாக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஓடும்போது ட்ரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால், ஒரு சிறு கம்பி இழுபட்டு, ட்ரெய்லரின் பேட்டரியிலிருந்தே அதன் பிரேக்குகளுக்கு மின்சாரம் பாயும். வணிக வாகனங்களுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதி, இப்படிக் கழன்ற ட்ரெய்லரின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்கவேண்டும் என்கிறது. அதற்கு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துச் சுமார் 12 ஆம்பியர் வேண்டும். ஈய பேட்டரி வடிந்தாலும் கடைசிச் சொட்டுவரை கொடுத்துப் பார்க்கும். பி.எம்.எஸ். அணைத்துவிட்ட லித்தியம் பூஜ்யம் கொடுக்கும். அந்த நேரத்தில் பின்னால் வரும் காரில் ஒரு குடும்பம் இருக்கலாம். புறப்படும் முன் அந்தக் கம்பியை இழுத்துச் சோதித்துப் பார்க்க யார் சொல்லித் தருகிறார்கள்?

‘ஓடும்போது இன்ஜினே சார்ஜ் செய்துவிடும்’ என்பது மோட்டார்ஹோம்காரர்களுக்குச் சொல்லப்படுவது. ஈய பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்.எஃப்.பி.யின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் தரக்கூடிய முழு ஓட்டத்தையும் அது நெடுநேரம் உறிஞ்சும். ஆல்டர்னேட்டரின் விசிறி அதன் அச்சிலேயே இருக்கிறது. வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும்; கம்பிச்சுருளோ முழு பாரத்தில் கொதிக்கும். அந்த நேரத்தில் பி.எம்.எஸ். திடீரென்று துண்டித்தால், போக இடமில்லாத ஓட்டம் மின்னழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகலாம். ஸ்டார்ட் பேட்டரி கூடவே இணைந்திருந்தால் அது ஓரளவு தாங்கும். அதை நம்பி இருப்பது விவேகம் ஆகாது. இதற்கான தீர்வு புதியதும் இல்லை, விலை அதிகமானதும் இல்லை. டிசி-டிசி சார்ஜர் ஒன்றை நடுவில் வைத்தால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் போல ஒரு கட்டுப்பாடான அளவை மட்டும் எடுத்து, லித்தியத்துக்கு உரிய அழுத்தத்தில் கொடுக்கும்.

ட்ரெய்லரில் சிக்கல் தலைகீழ். இழுக்கும் வண்டியிலிருந்து ஏழுமுனை பிளக் வழியாக வரும் சார்ஜ் வயர் மெல்லியது, நீளம் அதிகம். வழியிலேயே அழுத்தம் விழுந்து, பேட்டரிக்குச் சில ஆம்பியர்தான் வந்துசேரும். எட்டு மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரி நிரம்பாது. சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் அந்த வயர் இணைப்பிலேயே இருக்கும். அப்போது 13.3 வோல்ட்டில் நிற்கும் லித்தியத்திலிருந்து 12.6 வோல்ட்டில் நிற்கும் இழுவை வண்டியின் பேட்டரிக்கு மின்சாரம் பின்னோக்கியும் ஓடும். அங்கும் டிசி-டிசி சார்ஜர்தான் விடை.

இனி கேபிளுக்கும் ஃபியூஸுக்கும் வருகிறேன். கூடுதல் கவனம் வேண்டியது இங்கேதான். யாரும் வாய் திறக்காததும் இங்கேதான். 2,000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று 12 வோல்ட்டில் இயங்கினால், அதன் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 185 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்குப் போய்வரும் கேபிள் மொத்தம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளில் 0.6 வோல்ட் வீணாகும். அந்தக் கேபிள் 110 வாட்டுக்குமேல் வெப்பம் கக்கும். மரச்சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஓடும் கேபிள் அது. 70 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அதே வேலைக்கு 0.14 வோல்ட்தான் வீழ்ச்சி. வெப்பம் 26 வாட், அதுவும் முழு நீளத்திலும் பரவி. இதைச் சொன்னால், ‘இவ்வளவு கனமான கேபிள் தேவையா?’ என்று கேட்கிறார்கள். பேட்டரிக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவர் கேபிளுக்கு நூறு டாலர் கொடுக்கத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை. கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் அடித்துப் பொருத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தளர்ந்த லக்கில் நல்ல கேபிளின் பலன் முழுதும் போய்விடும். அளவுக்கேற்ற அச்சு கொண்ட ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வேண்டும். இல்லையென்றால் கேபிளைச் செய்தே விற்பவரிடம் வாங்கவேண்டும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை. இன்வெர்ட்டரையோ பேட்டரியையோ காப்பாற்ற அது வைக்கப்படுவதில்லை. அதனால் அது நேர்முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கவேண்டும். படகுகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏ.பி.ஒய்.சி., பொதுவாக 7 அங்குலத்துக்குள் என்று வரையறுக்கிறது. கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் வந்த கறார் அது. சிறு கதவு ஒன்றே உள்ள ட்ரெய்லருக்கும் அதே கறார் வேண்டும். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் லித்தியம் தொகுதி ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே கணத்தில் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும், இடைவெளியில் தீப்பொறி வில்லாக நின்று ஓட்டத்தைத் தொடரவிடலாம். 20,000 ஆம்பியர்வரை அறுக்கும் திறன் கொண்ட கிளாஸ் டி ஃபியூஸை அனுபவசாலிகள் கேட்டு வாங்குவது இதனால்தான்.

‘போதவில்லையென்றால் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து இணைத்துக்கொள்’ என்பது எல்லோரிடமும் கடைசியாக இருக்கும் மருந்து. நான்கு பேட்டரியை வரிசையாக வைத்து, நேர் கேபிளையும் எதிர் கேபிளையும் முதல் பேட்டரியிலேயே மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு பேட்டரியின் உள்தடை 0.02 ஓம், இணைப்புத் துண்டு ஒவ்வொன்றும் 0.0015 ஓம் என்று கணக்கிட்டால், 100 ஆம்பியர் பாரத்தில் முதல் பேட்டரி 36, அடுத்தது 26, மூன்றாவது 20, கடைசி 18 ஆம்பியர் என்று பங்கு விழுகிறது. கடைசிப் பேட்டரியைப்போல் இரண்டு மடங்கு முதலாவது உழைக்கிறது. அதுவே முதலில் சாகிறது. உள்தடை இன்னும் குறைந்த லித்தியத்தில் இந்த ஏற்றத்தாழ்வு கூடும். பாரம் அதிகமானால் முதல் பேட்டரியின் பி.எம்.எஸ். முதலில் அணையும், அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழ, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அணையும். நேர் கேபிளை முதல் பேட்டரியிலும் எதிர் கேபிளைக் கடைசிப் பேட்டரியிலும் மூலைவிட்டமாக மாட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். பஸ்பார் என்ற தடித்த உலோகப் பட்டை ஒன்றில் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரே நீளக் கேபிள் கொடுத்தால் முழுதும் தீரும்.

பேட்டரியைப் பெருக்குவதால் மின்சாரம் பெருகும் என்று நினைப்பதே அடிப்படைப் பிழை. நெற்குதிரைப் பெரிதாகக் கட்டினால் வயலில் நெல் கூடுதலாக விளைந்துவிடுமா? ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டிக்கு 50 ஆம்பியர்-மணி. ஹீட்டரின் விசிறிக்கு 8 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் ஓடினால் 40. விளக்கு, பம்பு 12. கைபேசி, மடிக்கணினி 15. எரிவாயுக் கசிவைக் கண்டறியும் கருவி இரவும் பகலும் எடுப்பது 3. மொத்தம் 120. கூரையில் 200 வாட் தகடு, நான்கு மணி நேர நல்ல வெயிலுக்குச் சமமாகக் கொடுத்தால், வருவது 60 ஆம்பியர்-மணிதான். தினம் 60 துண்டு விழுகிறது. 200 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தவர் மூன்று நாளில் இருளில் இருப்பார். 400 வைத்தவர் ஆறாம் நாளில். அவருக்கு வேண்டியது இன்னும் 200 வாட் தகடு.

ஏ.சி. ஆசைக்கும் இதே கணக்குதான். ஆர்.வி. கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யு. ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். 100 ஆம்பியர்-மணி எல்.எஃப்.பி.யில் இருப்பது 1,280 வாட்-மணி. ஒரு மணி நேரம்கூட வராது. அதற்குமுன், 130 ஆம்பியருக்குமேல் இழுக்கும் அந்த ஏ.சி.யை, 100 ஆம்பியர் எல்லை உள்ள பல பேட்டரிகளின் பி.எம்.எஸ். ஓடவே விடாது.

‘ஈயம் செத்துப்போன தொழில்நுட்பம்’ என்ற இளக்காரத்தையும் நான் ஏற்கவில்லை. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே செய்த பேட்டரி இன்றும் நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கைகளுக்கு அதன் குணம் தெரியும். மாதம் ஒருமுறை, மின் இணைப்புள்ள முகாமுக்குப் போய் இரண்டு நாளில் திரும்பும் குடும்பத்துக்கு ஈயம் போதும். பனிக்காலம் முழுதும் வண்டியை வெளியே நிறுத்துபவருக்கும் அது ஏற்றதே. நிறை சார்ஜில் வைத்தால் உறையாது, சார்ஜ் இறங்கினால்தான் உறைந்து வெடிக்கும். பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும், கடைசி 20 சதவீதத்தை நிரப்ப மணிக்கணக்கில் பொறுமை வேண்டும். இவற்றை ஏற்பவருக்கு அது நேர்மையான வேலைக்காரன். தினமும் ஆழமாக இறக்கி ஏற்றிப் பாலைவனத்தில் வாழ்பவருக்கு லித்தியம். வாழ்க்கை முறை பேட்டரியைத் தேர்ந்தெடுக்கவேண்டும், விளம்பரம் தேர்ந்தெடுக்கக்கூடாது.

என் சுவரில் ‘முழு’ என்று பொய் சொன்ன விளக்குப் பலகையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது மின்னழுத்தத்தைப் பார்த்துச் சொல்வது; ஈயத்தில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.1 என்றால் ஏறக்குறைய பாதி. எல்.எஃப்.பி.யோ நிரம்பியபோதும் பாதியிலும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். அடிமட்டத்துக்கு வரும்வரை அந்தப் பலகைக்கு எல்லாமே ‘முழு’தான். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் ஒன்றை எதிர்முனையில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே வேலையின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்கிறேன். முதலில் ஒரு நாள் செலவைத் தாளில் எழுதுங்கள். பிறகு அது எங்கிருந்து வரும் என்று பாருங்கள்: தகடு, இன்ஜின், ஜெனரேட்டர், முகாம் இணைப்பு. பிறகு அந்த ஓட்டத்தைச் சுமக்கும் கேபிள், அதைக் காக்கும் ஃபியூஸ், அளக்கும் ஷண்ட். பேட்டரி கடைசி. அதன் விலையை மட்டும் பார்க்காமல், சார்ஜர், கேபிள், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்த விலையைப் பாருங்கள். அப்போது சிலருக்கு ஈயமே மலிவாகத் தெரியும். சிலருக்கு லித்தியத்தின் பெருமை முழுதாகப் புரியும்.

அடுத்தமுறை யாராவது ‘டிராப்-இன்’ என்று சொன்னால், பணப்பையைத் திறக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். என் சார்ஜர் எத்தனை வோல்ட் கொடுக்கிறது? உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரி என்ன செய்யும்? என் கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும்? நேர்முனையிலிருந்து ஃபியூஸ் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது? நான்குக்கும் தெளிவாகப் பதில் வரவில்லையென்றால், அந்தப் பேட்டரியை உங்கள் பிள்ளைகள் தூங்கும் வண்டியில் ஏற்றாதீர்கள்.